எக்ஸ்ஜே செரோக்கியில் டானா 35-க்குப் பதில் ஃபோர்டு 8.8 ஆக்ஸில்: வீட்டுக் கராஜிலேயே முடியுமா?

மண்பாதை94

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1994 ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே. 4.0 லிட்டர், ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக், என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), ஏபிஎஸ் கிடையாது. முன்னால் டானா 30 ஆக்ஸில், பின்னால் சி-கிளிப் (ஷாஃப்டை உள்முனையில் பிடிக்கும் வளையம்) வகை டானா 35 ஆக்ஸில், இரண்டிலும் பல் விகிதம் 3.55. 3 அங்குலம் உயர்த்தி 31 அங்குல டயர் போட்டாயிற்று. பின்னால் ஒரு லாக்கர் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் கருவி) போட வேண்டும். டானா 35-க்குள் லாக்கர் வைப்பது வீண் செலவு என்று எல்லாரும் சொல்வதால், பழைய வண்டிக் கிடங்கில் கிடைக்கும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸிலை எடுத்துப் போடலாமா என்று யோசனை.

கேட்க வேண்டியவை: எந்த வருடத்து ஆக்ஸில்? 3.73 எடுப்பதா, 4.10 எடுப்பதா? என்னிடம் இருப்பது 120 வோல்ட், 140 ஆம்ப் ஃப்ளக்ஸ்-கோர் வெல்டிங் மெஷின். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இருக்கையை ஆக்ஸிலில் பற்றவைக்க அது போதுமா? பிரேக், ஹேண்ட் பிரேக், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இவற்றில் என்னென்ன மாறும்? இதைவிடச் சுலபமான வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கிரௌன்பினியன்

முதலில் அளவுகளைப் பாருங்கள். டானா 35-ன் கிரௌன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 7.58 அங்குலம், ஷாஃப்டில் 27 ஸ்ப்லைன் (முனையில் உள்ள பல்வரி), ஷாஃப்டை மூடும் குழாய் 2.6 அங்குலத்தை ஒட்டி. 8.8-ல் ஷாஃப்ட் 31 ஸ்ப்லைன், குழாய் 3.25 அங்குலம். டானா 35-ல் ஷாஃப்ட் மட்டும் மெலிவு இல்லை, குழாயும் வளையும். திறந்த டிஃபரன்ஷியலோடு 31 டயரில் நிதானமாக ஓட்டினால் அது பல வருடம் தாங்கும். லாக்கர் போட்டதும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழு முறுக்கும் மற்ற ஷாஃப்டுக்குப் போகும். உடைவது அந்த இடத்தில்தான். அது சி-கிளிப் ஆக்ஸில் என்பதால் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமும் சேர்ந்து வெளியே நழுவி வரும்.

எடுக்க வேண்டியது 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரர். மெர்க்குரி மவுன்டனீர் 1997 முதல் 2001 வரை வந்ததும் இதேதான். 2002 எக்ஸ்ப்ளோரரில் பின்புறம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டதால் பயன்படாது. 1995-க்கு முந்தியதில் டிரம் பிரேக்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். சக்கரத் துளை அமைப்பு 5 × 4.5 அங்குலம், ஸ்டட் அரை அங்குலம் 20 மரை, இரண்டும் ஜீப்போடு ஒத்துப்போகும். அதனால்தான் இத்தனை பேர் இந்த ஆக்ஸிலைத் தேடுகிறார்கள். அகலம் ஏறக்குறைய 59.5 அங்குலம். பக்கத்துக்கு அரை அங்குலம்போல டயர் உள்ளே போகும், 31 டயருக்கு அது பிரச்சினை இல்லை.

ஆக்ஸில் மூடியில் ஒரு போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும். 3-க்கும் 73-க்கும் நடுவில் எல் எழுத்து இருந்தால் 3.73 லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் குறைக்கும் வகை), எழுத்து இல்லாமல் இடைவெளி மட்டும் இருந்தால் திறந்தது. தகடு காணாமல் போயிருந்தால் மூடியைக் கழற்றிப் பல் எண்ணுங்கள்: 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10. எப்படியும் மூடியைக் கழற்றாமல் காசு கொடுக்கக் கூடாது. எண்ணெயில் மினுமினுப்பு, பற்களின் ஓரத்தில் சில்லு, இவை இரண்டையும் எல்லாரும் பார்ப்பார்கள். பலர் பார்க்காமல் விடுவது ஷாஃப்டில் பேரிங் ஓடும் இடம். இந்த ஆக்ஸிலில் பேரிங்கின் உள் வளையமே ஷாஃப்ட்தான். அங்கே குழியோ பள்ளமோ விழுந்திருந்தால் புதுப் பேரிங்கும் சீலும் போட்டாலும் எண்ணெய் கசிந்து பிரேக் பட்டையை நனைக்கும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் அந்த ஷாஃப்டை விட்டுவிடுங்கள். சக்கர வெளி விளிம்பை ஒட்டி அமரும் ரிப்பேர் பேரிங் கிடைக்கும், ஆனால் முதலிலேயே நல்ல ஷாஃப்ட் எடுப்பது மேல்.

பல் விகிதத்துக்கு வருவோம். உங்கள் வண்டி வந்தபோது 225/75ஆர்15 டயர், விட்டம் 28.3 அங்குலம். 3.55-ஐ 31 ஆல் பெருக்கி 28.3 ஆல் வகுத்தால் 3.89. அதாவது பழைய இழுவை திரும்ப வர வேண்டிய எண் 3.73-க்கும் 4.10-க்கும் நடுவில் விழுகிறது. ஏடபிள்யூ4-ன் நான்காவது கியர் 0.75, சுமையில் 31 டயரின் நிகர விட்டம் 30 என்று வைத்தால், மணிக்கு 65 மைலில் 3.73-ல் 2040 சுற்று, 4.10-ல் 2240 சுற்று வரும். 4.0 இன்ஜினுக்கு 2240 ஒன்றும் அதிகமில்லை. 33 டயருக்குப் போகும் ஆசை ஓரத்தில் இருந்தால்கூட 4.10 எடுங்கள்.

ஆனால் எதை எடுத்தாலும் முன்னாலும் அதே எண் இருந்தாக வேண்டும். 3.55-ம் 3.73-ம் 5 சதவீதம்தானே வித்தியாசம், மண்ணில் சமாளிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான்கு சக்கர இழுவையைப் போட்டதுமே டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலி இறுகத் தொடங்கும். இன்னொன்று: டானா 30-ல் 3.55 வரை ஒரு கேரியர் (கிரௌன் வீலைத் தாங்கும் கூடு), 3.73 முதல் வேறு கேரியர். வெறும் கிரௌன்-பினியன் செட் வாங்கினால் பழைய கேரியரில் உட்காராது. உங்கள் வருடத்து டானா 30-ல் பினியன் (கிரௌன் வீலை ஓட்டும் சின்னப் பல்சக்கரம்) மேலே இருக்கும், செட் வாங்கும்போது அந்த வகைக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். சுலபமான வழி 2.5 லிட்டர் மேனுவல் எக்ஸ்ஜேயில் வந்த 4.10 முன் ஆக்ஸிலை முழுசாக எடுத்து மாற்றுவது. பின் ஆக்ஸிலுக்கு ஆகும் செலவை மட்டும் எழுதி வைத்திருந்தால் கணக்கு பாதிதான்.

பட்டறைவாசி

சுலபமான வழி கேட்டீர்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். 1997-க்குப் பிந்தைய எக்ஸ்ஜேயிலிருந்து க்ரைஸ்லர் 8.25, 29 ஸ்ப்லைன். இருக்கை, ஷாக் மவுன்ட், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் எக்ஸ்ஜேக்கே செய்தது, வெல்டிங் மெஷினைத் தொட வேண்டாம். குழாய் 3 அங்குலம் என்பதால் யு-போல்ட்டும் கீழ்த்தகடும் அதே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும், ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் சேர்த்து எடுத்தால் நீளக் கவலை இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலும் 3.55-தான் இருக்கும், முன் ஆக்ஸிலைத் தொடாமலே ஒரு சனி ஞாயிறில் முடியும். 31 டயர், ஒரு லாக்கர், 4.0 இன்ஜின்: இதற்கு 29 ஸ்ப்லைன் 8.25 போதும். 1996-க்கு முந்தியதில் 27 ஸ்ப்லைன் வரும், அதை எடுத்தால் மாற்றியதில் அர்த்தமே இல்லை.

8.8 கெட்டது என்று சொல்லவில்லை. டிஸ்க் பிரேக் கிடைக்கும், 33 வரை தாங்கும். ஆனால் கோணம் எடுப்பதும் பற்றவைப்பதும் சரியாக வராவிட்டால் 8.25-ஐவிட மோசமான வண்டிதான் மிஞ்சும்.

நெருப்புக்கோல்

பட்டறைவாசி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 31 தாண்டப் போவதில்லை என்றால் அவர் வழியில் போங்கள். 8.8-தான் என்று முடிவெடுத்தால் பற்றவைப்பு பற்றிச் சொல்கிறேன்.

எக்ஸ்ப்ளோரரில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே போகும், எக்ஸ்ஜேயில் மேலே. எனவே ஃபோர்டின் இருக்கைகள், ஷாக் காதுகள், ஸ்டெபிலைசர் பிடிகள் எல்லாவற்றையும் அறுத்தெடுக்க வேண்டும். கிரைண்டரில் குழாய் வரைக்கும் இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியை ஃபிளாப் டிஸ்கில் தேயுங்கள். குழாயில் வெட்டு விழுந்தால் பிற்பாடு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வாங்க வேண்டியவை: 2.5 அங்குலப் பட்டைக்கும் 3.25 அங்குலக் குழாய்க்கும் பொருந்தும் இருக்கை இரண்டு, ஷாக் காது இரண்டு, 3.25 குழாய்க்கான அரை அங்குல யு-போல்ட் நான்கு. பழைய கீழ்த்தகட்டுத் துளைகள் அகலமான யு-போல்ட்டுக்கு எட்டாது. துளையை இழுத்து நீட்டுவதைவிடப் புதுத் தகடு போடுவது நல்லது. பழைய யு-போல்ட்டை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம், அது ஒருமுறை நீண்டுவிட்ட போல்ட்.

இருக்கைகள் எங்கே வர வேண்டும் என்பதற்கு டிஃபரன்ஷியல் உருண்டையிலிருந்து அளக்காதீர்கள். 8.8-ல் பினியன் வலப்பக்கம் தள்ளி இருக்கும், இடது குழாய் நீளம், வலது குழாய் குட்டை. சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து அளவு எடுங்கள். பழைய ஆக்ஸிலில் இரண்டு இருக்கைகளின் நடுத் துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்து, புதியதன் இரண்டு சக்கர முகங்களுக்கும் நடுவே சமமாகப் பிரித்து வைத்தால் சரியாக வரும். பினியன் ஓரமாக நிற்கிறதே என்று அதை நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தள்ளி நிற்கும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதை அதன் முனையிலுள்ள மடங்கும் ஜாயின்ட் தாங்கிக்கொள்ளும்.

பினியன் கோணத்தை வண்டிக்கு அடியில்தான் எடுக்க வேண்டும். இருக்கைகளைப் பற்றவைக்காமல் குழாய்க்கும் பட்டைக்கும் நடுவில் வைத்து, யு-போல்ட்டைக் கையிறுக்கம் மட்டும் கொடுத்து, சக்கரங்களை மாட்டி வண்டியின் முழு எடையையும் பட்டை மேல் இறக்குங்கள். ஸ்டாண்டில் சட்டம் தொங்கும்போது எடுத்த கோணம் எதற்கும் உதவாது. பிறகு பினியன் மூக்குக்கு அடியில் ஜாக் வைத்து ஹவுசிங்கைச் சுழற்றிக் கோணமானியில் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் உள்ள சாதாரண ஷாஃப்ட் என்றால் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். முடுக்கும்போது பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும், அதனால் இணைக்கோட்டைவிட 1 முதல் 2 டிகிரி கீழே வைப்பது வழக்கம். ஸ்லிப் யோக்கை (டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நழுவி நுழையும் ஷாஃப்ட் முனை) எடுத்துவிட்டு இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டிருந்தால் கதை வேறு: பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும், அதிலும் 1 அல்லது 2 டிகிரி கீழே.

கோணம் கிடைத்ததும் ஒவ்வொரு இருக்கைக்கும் நான்கு புள்ளி மட்டும் வையுங்கள். எக்ஸ்ஜேயின் பெட்ரோல் டேங்க் ஆக்ஸிலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஈரக் கனமான போர்வை போட்டு மறைத்து, ஒருவர் தீயணைப்பானோடு நிற்க, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். முழுப் பற்றவைப்பு ஆக்ஸிலை வெளியே எடுத்த பிறகுதான். எர்த் கிளிப்பைக் குழாயில், பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். ஷாஃப்டிலோ பினியன் ஃபிளேஞ்சிலோ போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் சுடரை வைக்கவே கூடாது, வரும் புகை பாஸ்ஜீன், ஆளைக் கொல்லும். அசிட்டோன் போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

140 ஆம்ப் மெஷின் கால் அங்குலத் தகட்டுக்கு விளிம்பில் நிற்கிற அளவு. மேலே அழகாகத் தெரியும், அடியில் பிடித்திருக்காது. அதில்தான் செய்வேன் என்றால் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, டார்ச்சில் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள். முதலில் அதே கனமுள்ள துண்டில் பற்றவைத்து, அறுத்துப் பார்த்து, ஊடுருவல் தெரிந்த பிறகு ஆக்ஸிலைத் தொடுங்கள். 240 வோல்ட், 180 ஆம்புக்கு மேல் உள்ள மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது நிம்மதி.

ஒரே மூச்சில் ஓட்டாமல் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக, இடது, வலது, முன், பின் என்று மாற்றி மாற்றிப் போட்டு நடுவே கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இருக்கை மேல்பக்கம் இருப்பதால் பற்று சுருங்கும்போது குழாயின் முனை மேல்நோக்கி வளையும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் தேயும். ஆறிய பிறகு ஷாஃப்டைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசாமல் ஸ்ப்லைன் வரை போய் உட்கார்ந்தால் குழாய் நேராக இருக்கிறது.

மண்பாதை94

விரிவாகச் சொன்னதற்கு நன்றி. 33 டயர் எண்ணம் இருப்பதால் 8.8, 4.10 என்று முடிவு. முன்னால் 2.5 வண்டியின் 4.10 ஆக்ஸிலைத் தேடுகிறேன். மெஷின் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். நெருப்புக்கோல் அண்ணா, நடு வார்ப்பில் செருகியிருக்கும் குழாய்களையும் சுற்றிப் பற்றவைக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா? இப்போதைக்கு ஸ்லிப் யோக்தான். ஷாஃப்ட் எப்படி இணையும்?

நெருப்புக்கோல்

எக்ஸ்ஜேயில் அவசியம் என்றே சொல்வேன். காயில் ஸ்பிரிங் வண்டியில் கட்டுப்பாட்டுக் கைகள் முறுக்கை வாங்கிக்கொள்ளும். பட்டை வண்டியில் பினியனின் முழு எதிர்முறுக்கும் இருக்கை வழியாகக் குழாய்க்குத்தான் போகிறது. தொழிற்சாலையில் குழாயை அழுத்திச் செருகி, சில துளைகளில் மட்டும் பற்றவைத்திருப்பார்கள். அது விட்டுவிட்டால் நடு உருண்டை மட்டும் சுழன்று பினியன் மேலே பார்க்கும், ஷாஃப்ட் ஜாயின்ட் நொறுங்கும்.

ஆனால் அது வார்ப்பிரும்பு. இருக்கைக்குப் போட்ட அதே கம்பியால் குளிர்ந்த நிலையில் போட்டால் ஆறும்போது டிக் டிக்கென்று விரிசல் சத்தம் காதிலேயே கேட்கும். 55 சதவீத நிக்கல் கம்பி, வார்ப்பை 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுதல், ஒரு அங்குலத் துண்டு, ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால் மெல்லத் தட்டுதல், முடிந்ததும் வெல்டிங் போர்வையில் சுற்றி ராத்திரி முழுக்க ஆறவிடுதல். கேரியர், ஷாஃப்ட், சீல் எல்லாம் வெளியே இருக்கும்போது செய்யுங்கள். கேரியரை எடுக்கும்போது இடது ஷிம்மும் வலது ஷிம்மும் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையங்கள்) கலந்துவிடாமல் குறித்து வையுங்கள், பேரிங் கேப்பும் அப்படியே, எடுத்த பக்கத்தில் எடுத்த திசையிலேயே திரும்பப் போக வேண்டும். கேப் போல்ட் 70 முதல் 85 அடி-பவுண்ட். பினியனைத் தொடாமல், அதே ஷிம்களைத் திரும்ப வைத்தால் பழைய பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) திரும்ப வரும், ஆனாலும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், 0.008 முதல் 0.015 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். லாக்கர் போடுகிறீர்களென்றால் ஷிம் கணக்கு புதிதாகப் போட்டாக வேண்டும்.

கிரௌன்பினியன்

ஷாஃப்ட் விஷயம். எக்ஸ்ஜேயில் 1310 அளவு ஜாயின்ட், எக்ஸ்ப்ளோரர் பக்கம் 1330. இரண்டையும் சேர்க்கும் கலப்பு ஜாயின்ட் இருக்கிறது, ஸ்பைசர் எண் 5-134எக்ஸ். எக்ஸ்ப்ளோரர் ஷாஃப்டின் பின்முனையிலுள்ள ஃபிளேஞ்சை ஜாயின்டிலிருந்து பிரித்தெடுத்து, உங்கள் ஷாஃப்டில் இந்தக் கலப்பு ஜாயின்ட் வழியாக மாட்டினால் 8.8 பினியன் ஃபிளேஞ்சில் நான்கு போல்ட்டில் உட்காரும். ஆகவே கிடங்கில் ஆக்ஸிலோடு அந்த ஷாஃப்டையும், 12 முனைத் தலை போல்ட் நான்கையும் மறக்காமல் வாங்குங்கள். ஃபிளேஞ்சைப் பிரிக்கும் முன் பெயின்டால் கோடு போட்டால் அதே இடத்தில் மாட்டலாம். எடை பட்டையில் இருக்கும்போது ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போய் முட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஷாஃப்டைக் குறுக்க வேண்டும், அதை பேலன்ஸ் செய்யும் கடையில் கொடுங்கள்.

இந்த ஆக்ஸிலின் ஒரு கெட்ட குணம்: ஸ்பைடர் கியர் (கேரியருக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள்) நடு அச்சைப் பிடிக்கும் மெல்லிய பூட்டு போல்ட். துருப்பிடித்த வண்டியில் தலை மட்டும் கையோடு வந்துவிடும். முதலில் கொஞ்சம் சூடு, ஆறு முனை சாக்கெட், மெதுவாக முன்னும் பின்னும். அச்சு வெளியே வந்ததும் ஷாஃப்டைச் சுழற்றவே கூடாது, ஸ்பைடர் கியர் நழுவி விழுந்தால் லிமிடெட் ஸ்லிப் தட்டுகளோடு சேர்த்து அடுக்குவது பெரும்பாடு. ஷாஃப்டை உள்ளே தள்ளினால் சி-கிளிப் விடுபடும். திரும்பப் போடும்போது புதுப் பூட்டு போல்ட், மரைப் பசை, 15 முதல் 30 அடி-பவுண்ட். அது பாதி உடைந்து உள்ளே சுற்றினால் கிரௌன் பல்லைத் தின்றுவிடும்.

எண்ணெய் 75டபிள்யூ-140 சின்தடிக், இரண்டரை லிட்டர்போலக் கொள்ளும். லிமிடெட் ஸ்லிப்பைத் தக்கவைத்தால் உராய்வு மாற்றி 4 அவுன்ஸ் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடக்கும். பினியனை அதிகம் மேலே தூக்கி வைத்தவர்கள் நிரப்பும் துளை அளவை நம்பக் கூடாது. முன் பினியன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது, கால் லிட்டர் கூட்டி ஊற்ற வேண்டும்.

பட்டறைவாசி

பிரேக்கை யாரும் தொடவில்லை. எக்ஸ்ப்ளோரர் ரோட்டருக்கு (பிரேக் டிஸ்க்) உள்ளேயே குட்டி டிரம் இருக்கும், ஹேண்ட் பிரேக் அதற்குத்தான். ரோட்டரைக் கழற்றி அந்தப் பட்டைகளைப் பாருங்கள், உப்பு போடும் ஊர்களில் ஓடிய வண்டியில் அதைத் தாங்கும் தகடே உளுத்திருக்கும். ஷாஃப்டை எடுத்தால்தான் தகடு மாறும் என்பதால் எல்லாம் கழன்று கிடக்கும்போதே மாற்றிவிடுங்கள். கேபிளும் எக்ஸ்ப்ளோரருடையதை அறுக்காமல் எடுத்து வந்து, பழையதன் பக்கத்தில் நீட்டி நீளத்தையும் முனையையும் ஒப்பிட்டுவிட்டு எது போகும் என்று முடிவு செய்யுங்கள்.

ஆக்ஸில் மேல் ஓடும் குழாய்களைப் புதிதாக 3/16 அங்குல நிக்கல்-காப்பரில் வளைத்து, முனையில் இரட்டை ஃப்ளேர் (விளிம்பை இரண்டு மடிப்பாக விரிப்பது) போடுங்கள். ஒற்றை ஃப்ளேர் பிரேக்குக்கு ஆகாது. டிரம்முக்காக அமைத்த அழுத்தப் பங்கீட்டு வால்வு டிஸ்குக்குப் போதிய அழுத்தம் அனுப்பாது, பின் பிரேக் சும்மா பெயருக்கு வேலை செய்யும். பின் டிஸ்க்கோடு வந்த கிராண்ட் செரோக்கி இசட்ஜேயின் வால்வை எடுத்து மாற்றுபவர்கள் அதிகம். மாற்றிய பிறகு காலியான ஈரத் திடலில் மணிக்கு 20 மைலில் மிதித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும். பின்சக்கரம் முந்தினால் அந்த வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

ஹவுசிங் மேல் உள்ள ஏபிஎஸ் சென்சாரை அப்படியே விட்டுவிடலாம், வயர் இல்லாவிட்டாலும் துளையை அடைக்க அது போதும். ஷாக்கின் மேல்முனை போல்ட்கள் எக்ஸ்ஜேயில் உடைவதற்கென்றே பிறந்தவை, வேலைக்கு ஒரு வாரம் முன்பே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். உடைந்தால் மேலிருக்கும் நட்டு சட்டத்துக்குள் இருக்கும், தட்டி உள்ளே தள்ளிவிட்டுப் புது நட்டைக் கம்பி கட்டித்தான் நுழைக்க வேண்டும். யு-போல்ட் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி 70 அடி-பவுண்ட் வரை இறுக்குங்கள். 100 மைல் ஓடியதும் மறுபடி பாருங்கள், கட்டாயம் கால் சுற்றாவது போகும்.